எல்லோருக்கும் எட்டும் பலகை

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சீப்புதான் இருந்தது. ஐந்து பேருக்கும் அதுவே. மும்பை தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அப்பா அடித்து வைத்த பலகையில் அது கிடக்கும். அதே பலகையில் பவுடர், நகவெட்டி, தைலம், டார்ச், அப்பாவின் கண்ணாடி, எல்லோருடைய ஆதார் அட்டையும். யாருக்கு எது வேண்டுமோ கையை நீட்டி எடுத்துக்கொள்வோம். இது யாருடையது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அம்மா கேட்டவரைத்தான் முறைத்திருப்பாள்.

பிற்பாடு நான் கம்ப்யூட்டருக்கு ஜாவா எழுதப் போய், ஒரு பெண் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயத்தைத் தெருவில் போட்டேன். அதற்கு இந்தப் பலகைதான் காரணம் என்று சொன்னால் சால்ஜாப்பு மாதிரி இருக்கும். ஆனாலும் பலகையிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வருகிறது.

எதையும் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. மிக்சி ஓடும்போது அடியில் என்ன சுற்றுகிறது, பக்கத்து வீட்டில் சண்டைச் சத்தம் ஏன் சட்டென்று நின்றது, இரண்டும் எனக்கு ஒரே வகைக் கேள்விதான். சந்தில் என்னை ‘மூக்கு’ என்பார்கள். எங்கேயும் நுழைக்கிற மூக்கு. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. கம்ப்யூட்டர் வேலைக்கு அது நல்ல மூக்கு என்றே நினைத்தேன்.

செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, ஏழு பேர். அதுதான் எங்கள் கம்பெனி. செம்பூரிலும் தேவ்நாரிலும் கிளை வைத்திருந்த, ரத்தமும் சளியும் சோதிக்கிற ஒரு சின்ன லேபுக்காக ஒரு வேலை வந்தது. சோதனை முடிந்ததும் நோயாளியின் போனுக்கு ஒரு லிங்க் போகும். அதைத் திறந்து, லேபில் கொடுத்த சீட்டின் எண்ணையும் தன் மொபைல் எண்ணையும் போட்டால் ரிப்போர்ட் வர வேண்டும். விவரங்களைத் தேடிக் கொடுக்கிற பின்பக்கம் எனக்கு. கண்ணில் படுகிற முன்பக்கம் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவளுக்கு.

அவள் மாட்டுங்காக்காரி, என் வயதுதான். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். தாத்தா, அப்பா, அத்தைகள் எல்லோரும் ஆபீஸ் உத்தியோகம். நான் ஜாவாவில் நோயாளியின் விவரங்களை ஆப்ஜெக்ட் என்கிற ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பேன். அவள் டெம்ப்ளேட் என்கிற வெற்றுப் பக்கத்தில் எங்கே எது வர வேண்டும் என்று குறித்து வைப்பாள். ஒரு டாலர் குறி, நெளிந்த அடைப்புக்குறி, அதற்குள் ஒரு பேர். அவ்வளவுதான் அவள் எழுதுவது. பக்கம் திறக்கும்போது அந்த இடத்தில் நோயாளியின் வயதும் சர்க்கரை அளவும் வந்து உட்கார்ந்திருக்கும்.

“நான் வெறும் பேரைத்தானே எழுதறேன்? ஆள் எங்கேர்ந்து வரார்?” என்று ஒருநாள் கேட்டாள்.

இரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பின்பக்கம் ஒரு வரியில் ‘இந்த ஆப்ஜெக்டுக்கு இந்தப் பேர்’ என்று சொல்லிவிட்டால் முன்பக்கம் கிடைக்கும் என்று தெரியும். எப்படிக் கிடைக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மூக்கு என்று பட்டம் வாங்கியவளுக்கு இது எவ்வளவு கேவலம்! அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கங்களை அனுப்பிவைக்கிற சர்வரின் கோப்புகளைக் கிளற ஆரம்பித்தேன். உள்ளே உள்ளே போனால், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஃபோல்டரில் ஒரு அதிசயம் இருந்தது. அவள் அழகழகாகச் செய்த பக்கத்தைச் சர்வர் ரகசியமாக ஒரு ஜாவா கோப்பாக மாற்றி வைத்திருந்தது. அவள் போட்ட தலைப்பு, கோடு, கட்டம் எல்லாம் ‘இதை எழுது, அடுத்து இதை எழுது’ என்ற வரிகளாக நீண்டு கிடந்தன. அவள் பேர் குறித்த இடத்தில் மட்டும் ஒரு தேடல்.

அந்தத் தேடலைப் பிடித்துக்கொண்டு போனதில் தெரிந்தது இது. பேரை வைத்துக்கொண்டு பக்கம் நாலு இடத்தில் வரிசையாகத் தேடுகிறது. முதலில் தன் கைக்குள்ளேயே. இல்லையென்றால் ரிக்வெஸ்டில், அதாவது ஒருவர் ஒரு தடவை கேட்டு, பதில் வாங்கிப் போகும் வரைக்கும் உயிரோடு இருக்கிற இடம். அங்கும் இல்லையென்றால் செஷனில். அது அந்த ஒரு ஆள் உள்ளே வந்து, வெளியே போகும் வரைக்கும் அவருக்கென்று ஒதுக்கிய இடம். கடைசியாக அப்ளிகேஷன். அது எல்லோருக்கும் பொது. யார் வந்தாலும், எந்த ஊரிலிருந்து வந்தாலும், அங்கே இருப்பது அவர்களுக்கும் எட்டும். எங்கே முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும்.

இன்னொரு குணமும் அதற்கு இருந்தது. ஆப்ஜெக்ட் கிடைத்து, அதில் நீங்கள் கேட்ட பகுதி இல்லையென்றால் பக்கம் கூப்பாடு போடும். ஆப்ஜெக்டே கிடைக்கவில்லையென்றால் கம்மென்று இருந்துவிடும். அந்த இடம் வெறுமனே காலியாகத் தெரியும். ஏன் இந்தப் பாகுபாடு என்று நான் யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோனேன். எனக்கு இன்றைக்கும் அதில் ஒரு சந்தோஷம் உண்டு. யாரோ ஒரு முன்பின் தெரியாத மனுஷன் எங்கேயோ உட்கார்ந்து, காலியாக விடலாம் என்று முடிவு செய்திருக்கிறான்.

இதையெல்லாம் மாட்டுங்காக்காரிக்கு எப்படிச் சொல்வது? நல்லவேளையாக அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டில் சாப்பாடு. கூடத்தில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி மடமடவென்று குடித்தேன். சற்றுக் கழித்து அவள் அப்பா வந்து மேஜையைத் துழாவினார்.

“என் டம்ளர் எங்கே?”

என் கையில் இருந்த டம்ளரின் விளிம்புக்குக் கீழே அவர் பேர் வெட்டியிருந்தது. அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் பேர் வெட்டிய டம்ளர் இருந்தது, விருந்தாளிக்குத் தனி. அவள் அப்பா சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்துக்கொண்டார். அவள் அம்மாவும் சிரித்தாள், ஆனால் அந்த டம்ளரைத் தனியாக எடுத்துப் போய்த் தேய்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டிலும் பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்கிறது. ஆனால் அது சந்தில் விசேஷத்துக்கு இரவல் போனால் திரும்பி வருவதற்காக. வீட்டுக்குள் யார் எதில் குடித்தாலும் தண்ணீர் தண்ணீர்தான்.

திங்கட்கிழமை அதை வைத்தே அவளுக்குச் சொன்னேன். நான் ஆப்ஜெக்டில் ஒரு பேரை வெட்டி வெளியே வைக்கிறேன். உன் பக்கம் அந்தப் பேரைப் படித்து எடுத்துக்கொள்கிறது. உன் அப்பா எடுக்கிற மாதிரி.

“ஓ, அவ்வளவுதானா!” என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, “எந்த அலமாரியில வைக்கறேங்கறதும் முக்கியம்தானே?” என்றாள்.

“அதெல்லாம் நான் பார்த்துக்கிடுதேன்” என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

வேலை முடியும் தறுவாயில் ஒரு சிக்கல் வந்தது. சீட்டு எண்ணைப் போட்டு அழுத்தியதும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவும்படி செய்திருந்தோம். தாவியதும் ரிப்போர்ட் காலி. பேர், வயது, முடிவு எல்லாம் காலி. கட்டம் மட்டும் நிற்கிறது. கூப்பாடும் இல்லை. காரணம் கண்டுபிடிக்க ஒரு முழுநாள் ஆயிற்று. தாவுவது என்றால் போன் புதிதாக இன்னொரு தடவை கேட்கிறது. முதல் ரிக்வெஸ்டோடு அதில் வைத்ததும் போய்விடுகிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

சரி, வேறு எங்கே வைப்பது? செஷனில் வைத்திருக்கலாம். அப்போதுதான் லேபில் கவுன்டரில் இருப்பவரும் தன் கம்ப்யூட்டரில் அதே ரிப்போர்ட்டைத் திறந்து அச்செடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் எட்ட வேண்டும், அவ்வளவுதானே! கொஞ்சமும் யோசிக்காமல் என் கை தானாகவே பலகைக்குப் போனது. அப்ளிகேஷனில், ‘ரிப்போர்ட்’ என்று பேர் வெட்டி வைத்தேன். பக்கம் ஜம்மென்று வந்தது. நாலு தடவை சோதித்தேன், நாலு தடவையும் வந்தது.

மாட்டுங்காக்காரி என் திரையை எட்டிப் பார்த்தாள். “எல்லாருக்கும் ஒரே டம்ளரா?”

“உங்க வீடு மாதிரி எல்லா இடத்துலயும் ஆளுக்கொண்ணு கிடைக்குமா?” என்று வெடுக்கென்று சொன்னேன். அந்தச் சனிக்கிழமை டம்ளர் இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டாள்.

லேபில் அது ஓட ஆரம்பித்தது. நான் சும்மா இருந்தேனா? சந்து முழுக்கப் பீற்றிக்கொண்டேன். நான் செய்த லேப், ரிப்போர்ட் போனிலேயே வரும், வரிசையில் நிற்க வேண்டாம். லேபே என்னுடையது போலப் பேசினேன். சந்தில் பாதிப்பேர் பஸ் ஏறிச் செம்பூருக்கும் தேவ்நாருக்கும் போக ஆரம்பித்தார்கள்.

எதிர்வீட்டு அக்காவும் கேட்டாள். முப்பத்திரண்டு வயது. பை தைக்கிற பட்டறையில் வேலை. அவளுக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், அப்போதுதான் சான்பாடாவில் ஒரு வரன் அமைந்து, வெற்றிலைபாக்கும் மாற்றியிருந்தார்கள். ஒரு மாதமாக அவளுக்கு இருமல். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். என்ன பயம் என்று அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வியாதியின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘நெஞ்சு சரியில்லை’ என்பார்கள். ஒரு வீட்டில் ஒருத்திக்கு நெஞ்சு சரியில்லை என்று தெரிந்தால் அந்த வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் நின்றுவிடும்.

“இங்கன டாக்டர்ட்ட போனா கம்பவுண்டர் வரைக்கும் எல்லாவனும் தெரிஞ்சவன். ஒன் லேபுல பாத்தா யாருக்கும் தெரியுமா?”

“ஒரு ஆளுக்கும் தெரியாதுக்கா. உங்க போனு, உங்க ரிப்போர்ட்டு. பக்கா.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சத்தியமாவாட்டி?”

“சத்தியமா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வீட்டு அத்தை போனை நீட்டிக்கொண்டு வந்தாள். அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் சந்துக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, அத்தை இருந்தாள். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகள் எத்தனை மணிக்குத் திரும்பினாள், எல்லாம் அத்தைக்குத் தெரியும்; அத்தைக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். எழுத்து எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியும். போனில் பேர் பதிந்து கொடுத்தால் அது எதற்கு என்பாள். பத்து எண்ணையும் மனதிலிருந்து அடித்துத்தான் கூப்பிடுவாள். சர்க்கரைக்காக அவளும் என் லேபுக்குத்தான் போய் வந்திருந்தாள்.

“ஏட்டி, இங்க பாரு. நேத்து பாத்தப்ப சரியா இருந்துச்சு. இப்பம் தொறந்தா எனக்கு முப்பத்திரெண்டு வயசுன்னு காட்டுது. ஒன் லேபுக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தேன். வயது முப்பத்திரண்டு. மேலே எதிர்வீட்டு அக்காவின் பேர். அதற்குக் கீழே அவள் மொபைல் எண். அதற்கும் கீழே சளிப் பரிசோதனை. கிருமி இருக்கிறது.

என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா தன் வீட்டில் இருந்துகொண்டு தன் ரிப்போர்ட்டைத் திறந்திருக்கிறாள். அது பலகைக்கு வந்து, ஏற்கெனவே ‘ரிப்போர்ட்’ என்ற பேரில் அங்கே இருந்ததைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அத்தையின் போன் நேற்றுத் திறந்து வைத்த பக்கத்தை இன்று புதுப்பிக்கும்போது, ‘ரிப்போர்ட்’ எங்கே என்று தேடி, பலகையில் இருந்ததை எடுத்துக் காட்டியிருக்கிறது. டம்ளர் மேல் ‘டம்ளர்’ என்று பேர் வெட்டி வைத்திருந்தேன் நான்.

“வேற யாருகிட்டயும் காட்டுனீங்களா, யத்த?”

“நான் எதுக்குக் காட்டப்போறேன்? நீ செஞ்சது, ஒன்கிட்டதாம் வந்தேன். இப்பமே மாத்து. ஈரக்கையோட நிக்காத, போ.”

“இந்தப் பக்கத்த மூடிருதேன் யத்த.”

“மூடு. மொதல்ல மூடு.”

மூடினேன். அத்தை போனை இடுப்பில் செருகிக்கொண்டு, வேறு பேச்சு இல்லாமல் போய்விட்டாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

முதலாளிக்கு போன் போட்டுச் சொன்னேன். “பெஹலே பந்த் கரோ” என்றார், முதலில் மூடு என்று. அந்தப் பக்கத்தையே நிறுத்தினார். நான் பஸ் பிடித்துச் செம்பூருக்கு ஓடினேன். மாட்டுங்காக்காரியும் வந்து சேர்ந்தாள். ஒரே டம்ளரா என்று தான் கேட்டதை அவள் திருப்பிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எந்த வரி?” என்று மட்டும் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ரிப்போர்ட்டைச் செஷனுக்கு மாற்றினேன். கவுன்டருக்கு வேறு வழி செய்தேன். ஒவ்வொரு தடவையும், கேட்பவரின் சீட்டு எண்ணும் வைத்திருக்கிற ரிப்போர்ட்டின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே காட்டும்படி வைத்தேன். பக்கத்தில் மொபைல் எண்ணும் முழுசாகத் தெரிய வேண்டாம் என்று அவள் சொன்னாள். கடைசி இரண்டு எண்ணைத் தவிர மற்றதெல்லாம் புள்ளியாக மாற்றினாள். பிறகு அவள் போனிலும் என் போனிலும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தோம். இதை ஏன் முன்பே செய்யவில்லை? இத்தனைக்கும் ஒரு அறையில் தனியாக இருந்ததே இல்லாதவள் நான். இதை மட்டும் தனியாக உட்கார்ந்து சோதித்திருந்தேன். அந்த வேடிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

லேபுக்கு முதலாளியோடு நானும் போய் வாங்கிக்கட்டிக்கொண்டேன். யாருடையது யாருக்குத் தெரிந்திருக்கலாம் என்று பட்டியல் கேட்டார்கள். சர்வரின் பதிவிலிருந்து தெரிந்தவரை எழுதிக் கொடுத்தேன். அவர்களே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்வதாக ஏற்பாடு. எதிர்வீட்டு அக்காவின் பேர் வந்தபோது, “இவங்க எங்க வீட்டுக்கு எதிர்ல இருக்காங்க. நானே சொல்லிருதேன்” என்றேன்.

சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை, வந்துவிட்டது என்று அவளும் சொல்லவில்லை. தன் போனில் தான் மட்டும் பார்த்ததாக நினைத்து அவள் அதைப் பொத்தி வைத்திருக்கிறாள். நானோ அவளுக்கு என்ன என்று தெரிந்துகொண்டு அவள் எதிரில் நிற்கிறேன். யார் வீட்டு விஷயமானாலும் மூக்கை நுழைத்த எனக்கு, முதல் தடவையாக, தெரிந்திருப்பது அருவருப்பாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே.

அதைவிட என்னை வாட்டியது அத்தை. ஒலிபெருக்கி எப்போது அலறும் என்று ஒவ்வொரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நாலு பேர் குசுகுசுவென்று பேசினால் எனக்குப் பகீர் என்றது. ஆனால் எதுவும் வரவில்லை. அத்தைக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, வயதை மட்டும்தானே பார்த்தாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அக்கா அரசாங்க மருந்து வாங்கிச் சாப்பிடுகிறாள் என்று எனக்கு மட்டும் புரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கை மாத்திரை. அதற்கப்புறம் முகம் சுண்டிப் போகும். வாந்தி எடுக்கும் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்கும். கேட்பவர்களிடம் பித்தம் என்று சொன்னாள். அந்த நாட்களில் அத்தை தினமும் காலை எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் எதையோ மூடி எடுத்துப் போவதைப் பார்த்தேன். என்னதான் இருந்தாலும் மூக்கு மூக்குதானே, கேட்டுவிட்டேன்.

“என்ன யத்த, டெய்லி டப்பா சர்வீஸா?”

“கல்யாணப் பொண்ணு. எலும்பும் தோலுமா நின்னா மாப்ளவீட்டுக்காரன் என்ன சொல்லுவான்? ரெண்டு முட்ட அவிச்சுக் கொண்டு போறேன். ஒனக்கென்ன?”

எனக்கென்ன? ஒன்றுமில்லை. நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அத்தைக்கு மறுபடி சர்க்கரைப் பரிசோதனை. லிங்க் வந்ததும் கையில் போனோடு வந்து என் முன்னால் ஆட்டினாள்.

“என்னத்தட்டி பண்ணி வச்சிருக்க? நம்பரயே காணும். புள்ளி புள்ளியா இருக்கு.”

“அது சேஃப்டிக்காக மறைச்சிருக்கோம் யத்த. உங்க பேருதான் மேல போட்டுருக்கே.”

“பேரு போட்டா எனக்கு வாசிக்கத் தெரியுமா? நம்பர வச்சுதான எனக்கு ஒவ்வொருத்தரையும் தெரியும். நம்பரு இல்லாம இது யாரு ரிப்போர்ட்டுன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்க?”

நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் புள்ளி இல்லை. பத்து எண்ணும் முழுசாக இருந்தது. அத்தை தினம் மனதிலிருந்து அடிக்கிற, எதிர்வீட்டு அக்காவின் எண். சந்தில் எல்லோருடைய இருமலையும் கேட்கிறவளுக்கு மிச்சத்தை வாசிக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக் குழம்பைக்கூடக் கேட்காமல் விடாத அத்தை, அன்று ‘அப்போ இது யாருடைய ரிப்போர்ட்’ என்று என்னிடம் கேட்கவே இல்லை. வயது தப்பு என்று சண்டை போட வந்தவளைப் போல வந்து, இப்பமே மாத்து, மொதல்ல மூடு என்றாள். எனக்கு அது எப்படி உறைக்காமல் போயிற்று? சர்வருக்குள் ஒளிந்திருந்த கோப்பையே கண்டுபிடித்தவள் நான்.

“யத்த, அன்னைக்கு அந்த முப்பத்திரெண்டு வயசு...”

“என்னைக்கு? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. என் சுகரு எவ்வளவுன்னு வாசிச்சுச் சொல்லு, வேல கெடக்கு.”

வாசித்துச் சொன்னேன். அவள் போன பிறகு நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா தனியாக இருந்தாள். முகம் தேறியிருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, பேர், அத்தையின் போன், லேபில் நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். அழுகை வந்தது. அவள் என்னை அழவிட்டாள், தேற்றவில்லை.

“அத்தைக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்” என்றாள் கடைசியில்.

“சொன்னாவளா?”

“அவிய எங்க சொன்னாவ? முட்ட அவிச்சுக் கொண்டாந்தாவ. மாத்திர போட்ட ஒடனே எனக்கு எதுவும் எறங்காது. சரியா அரமணி நேரம் கழிச்சுதாம் வருவாவ, உரிச்சுத் தருவாவ, நான் தின்னு முடிக்கது வரைக்கும் எதுத்தாப்புல உக்காந்திருப்பாவ. ரெண்டாம் மாசம் மாத்திரய நிறுத்திரலாம்னு நெனச்சேன். காலையில கிண்ணத்தோட வந்து நின்னாவ. நிறுத்த முடியல. எதுக்கு முட்டன்னு நான் கேக்கல, அவியளும் சொல்லல.”

“அப்ப, மாப்பிள்ளை வீட்ல?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. போன வாரம் சான்பாடா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் தானே சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கல்யாணம் நடந்தது, மாத்திரை முடிந்து ஒரு மாதம் கழித்து. பந்தியில் அத்தைதான் பரிமாறினாள்.

ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அக்கா எழுந்து கதவைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“தப்பா வச்சுட்ட, சரி. மெசினு. யாருக்கும் வரும். மூணு மாசமா எதுத்த வீட்ல இருந்துகிட்டு, நான் பித்தம் பித்தம்னு சொல்லும்போதெல்லாம் தலைய ஆட்டிக்கிட்டு நின்ன பாரு, அதத்தாம் என்னால தாங்க முடியல. ஒண்ணு சொல்லுதேன் கேளு. இனும யாரயாவது அந்த லேபுக்கு அனுப்புனா, ஒரு ஆளுக்கும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணாத. எனக்குத் தெரியும்னு சொல்லி அனுப்பு.”

அன்றிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன். உங்கள் ரிப்போர்ட் உங்களுக்குத் தெரியும், லேபுக்குத் தெரியும், இதைச் செய்தவள் நான், நினைத்தால் எனக்கும் தெரியும் என்கிறேன். சிலர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு லேபுக்குப் போய்விடுகிறார்கள்.